உறுமி ஒலியும் ஒழுக்க நெறியும்

ஆடலும் பாடலும் மக்கள் வாழ்வோடு பிறந்தவை. அவற்றைப் பற்றிய அச்சமும் உடன்பிறந்ததே ஆகும். இளையோரின் கால்கள் புதிய தாளத்துக்கு எழும்போதெல்லாம் மூத்தோரின் நெஞ்சு கலங்குவது எந்நாட்டிலும் உண்டு. 1816ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசவை விருந்தொன்றில் வால்ட்சு ஆட்டம் நுழைந்தபோது, இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் அதனை நாணமற்ற அயல்நாட்டு ஆட்டமெனக் கடிந்தது. 1957 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி எல்விஸ் பிரெஸ்லியை இடுப்புக்கு மேல் மட்டுமே காட்டியது. மலேசியாவிலும் 1992ஆம் ஆண்டில், நீண்ட முடி வளர்த்த ராக் பாடகர்கள் அரசு தொலைக்காட்சியில் தோன்றலாகாது எனத் தகவல் அமைச்சு தடுத்தது. புகழ்பெற்ற பாடகர் சிலர் முடியை வெட்டிக்கொண்டே திரும்பி வந்தனர்.

இன்று வால்ட்சு முதியோர் ஆடும் அமைதியான ஆட்டம். எல்விசின் பாடல்களைப் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டன்மார் பாடிக் காட்டுகின்றனர். அவ்வாறாயின் ஒழுக்கம் என்பது வெறும் காலத்தின் பழக்கந்தானா? நேற்றுத் தீயதென ஒதுக்கியது இன்று நல்லதாகுமாயின், இன்று ஒதுக்குவதும் நாளை நல்லதாகிவிடும் என்று வாளா இருந்துவிடலாமா? இவ்வினாவுக்கு விடை காண இலண்டனுக்குச் செல்ல வேண்டுவதில்லை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஆண்டுதோறும் எழும் ஒரு வழக்கே போதுமானது. அது உறுமிமேளத்தைப் பற்றிய வழக்கு.

பத்துமலைப் பாதையில்

பத்துமலையில் தைப்பூசம் 1892ஆம் ஆண்டு தொடங்கிக் கொண்டாடப்பட்டு வருகிறது. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித்தேர் புறப்படுகிறது. சுங்கை பத்து ஆற்றங்கரையில் நீராடிக் காவடி எடுப்போர் 272 படிகளை ஏறிக் குகைக்கோயிலை அடைகின்றனர். அவர்களுக்கு முன்னும் பின்னும் இளைஞர் குழுக்கள் உறுமிமேளம் முழக்கி வருகின்றன. பதின்ம வயதுச் சிறுவர்கள் அம்முழக்கத்துக்கு ஆடுகின்றனர், குதிக்கின்றனர், சுழல்கின்றனர்.

உறுமி இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கும்போது விலங்கு உறுமுவது போன்ற ஓசை எழுவதால் அப்பெயர் பெற்றது. இரப்பர்த் தோட்டங்களில் மாரியம்மன், முனியாண்டி, மதுரை வீரன் திருவிழாக்களிலும் இழவு வீடுகளிலும் இத்தகைய தோற்கருவிகள் ஒலித்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, அங்கு வாழ்ந்த குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. வீட்டுப் பொருள்களோடு மேளமும் வந்தது. தோட்டத்தில் ஒரு குடியினரின் கடமையாக இருந்த அடி, நகரத்தில் இளைஞரின் விருப்பமாகவும் பெருமையாகவும் மாறியது.

இதனைக் கண்டிப்போர் கூறுவன எளிதில் தள்ளத் தக்கவை அல்ல. பல நாள் நோன்பிருந்து பால்குடம் ஏந்தி ஒரு தாய் நடக்கிறாள். அவள் காதருகே திரைப்படக் காதற்பாட்டின் மெட்டு மேளத்தில் அடிக்கப்படுகிறது. வேல்முழக்கம் எழவேண்டிய இடத்தில் பொருளற்ற கூச்சல் எழுகிறது. குழுவுக்கும் குழுவுக்கும் போட்டி மூள்கிறது. போட்டி சில வேளை கைகலப்பாகிறது. இவற்றினும் கொடியதொன்று உண்டு. 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களைச் சட்டவிரோதமானவை என வெளியிட்டது. பெருங்கும்பல்கள் சிலவற்றில் இந்திய இளைஞரே மிகுந்திருந்தனர். அக்கும்பல்களின் எண் பொறித்த சட்டைகள் இறைவன் ஊர்வலத்திலும் தென்படுமாயின், பெற்றோரின் அச்சத்தைப் பழமைவாதம் என்று இகழ்வது அறிவுடைமை ஆகாது.

சிங்கப்பூரில் தைப்பூச நடைப்பயணத்தில் இசைக்கருவிகள் 1973ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டன. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2016இல், வழியில் மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு இடமளிக்கப்பட்டது. மலேசியாவிலும் அத்தகைய தடை வேண்டும் என்போர் உளர். தடை ஊர்வலத்தை அமைதியாக்கும், ஐயமில்லை. ஆயின் அது எதனை ஒழிக்கிறது, எதனை ஒழிக்காது விடுகிறது என்பதை ஆராய்ந்த பின்னரே அதனை வேண்ட வேண்டும்.

முருகன் விரும்பிய ஆட்டம்

மேளமும் ஆட்டமும் முருக வழிபாட்டுக்குப் புறம்பானவை என்று சிலர் எழுதுவதுண்டு. தமிழிலக்கியம் அறிந்தோர் அவ்வாறு கூறமாட்டார். திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடற் பகுதியில், குன்றவர் தேறலுண்டு மகிழ்ந்து, தொண்டகச் சிறுபறை முழங்கக் குரவை ஆடுகின்றனர். அவ்வாட்டத்தை முருகன் வெறுத்ததாக நக்கீரர் பாடவில்லை. அக்குன்றுகளில் நின்று ஆடுதலை அவனுக்கு நிலைபெற்ற பண்பாகவே பாடுகிறார். வேலன் வெறியாடலைச் சங்கப் பாடல்கள் பலவும் கூறும். சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையும் அம்மரபின் வழிவந்ததே.

காவடி எடுப்போர் அருள் வந்து ஆடுவதற்கும், சுமையைத் தாங்கிப் படியேறுவதற்கும் மேளத்தின் தாளமே ஊன்றுகோலாகிறது. தாளம் தளர்ந்தால் கால் தளரும். தாளம் நிமிர்ந்தால் உடல் நிமிரும். ஆகவே உறுமி அங்கு வேடிக்கைக்கு வந்த பொருளன்று. அது வழிபாட்டில் ஒரு தொழில் செய்கிறது. வெறியாட்டுக் களத்தில் முழங்கிய பறைக்கும் பத்துமலையில் முழங்கும் உறுமிக்கும் தொழில் ஒன்றே.

இனி, வழிபாட்டுப் பாட்டில் காதல் கலக்கலாமா என்பது அடுத்த வினா. அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாடிய காவடிச்சிந்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் செல்வோரின் நடைக்கேற்ற மெட்டில் அமைந்தது அந்நூல். அதிற் பல பாடல்கள் அகப்பொருளைப் பாடுவன. தலைவியின் ஏக்கத்தையும் தோழியின் தூதையும் சொல்வன. அவற்றைப் பாடியவாறே காவடி சென்றது. பத்தி குறைந்ததாக எவரும் முறையிடவில்லை. பின்னர் அச்சிந்து புலவர் அவையிலும் இசையரங்கிலும் ஏறியது. காதற்பாட்டு என்பதனாலேயே ஒன்று கோயிலுக்கு ஆகாது என்னும் வாதம் இங்கே நிற்பதற்கில்லை. அகப்பொருளை இறைவன்மேல் ஏற்றிப் பாடத் தெரிந்தவனுக்கும், எவனோ எதற்கோ பாடியதை அப்படியே எடுத்து அடிப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காணவேண்டும்.

பழந்தமிழர் ஆட்டத்தைக் கவலையின்றி ஏற்றனர் என்பதும் சரியன்று. மருதப் பாடல்களில், பரத்தையரோடு கைகோத்துத் துணங்கை ஆடிவந்த தலைவனைத் தலைவி கடிந்து வாயில் அடைக்கிறாள். அதே துணங்கைக் களத்தில்தான் ஆதிமந்தி தன் காதலனைத் தேடி அலைந்ததாகக் குறுந்தொகைப் பாடல் சொல்கிறது. அவனும் ஆடுபவன், அவளும் ஆடுபவள். ஒரே ஆட்டம் ஒருத்திக்கு ஊடலும் ஒருத்திக்கு உயிருமாகிறது. ஆட்டத்தைப் பழித்தவளும் சங்க இலக்கியத்தில் உண்டு; ஆட்டத்தால் வாழ்ந்தவளும் உண்டு.

சதிர் பரதமானபோது

ஒழுக்க அளவுகோல் மாறிய வரலாற்றை அறியப் பரதநாட்டியத்தைவிடச் சிறந்த சான்று தமிழர்க்கு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் சதிருக்கு எதிரான இயக்கம் எழுந்தது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அச்சூழலில் வளர்ந்து அதன் துயரை அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்தோறும் அதனை எதிர்த்துப் பேசினார். 1936இல் நாவலும் எழுதினார். 1947இல் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் வேண்டியதே, பெண்மக்களை விற்பனைப் பொருளாக்கிய வழக்கத்தை எவரும் காக்கத் தகாது.

ஆனால் மற்றொரு வரலாறும் உடன் நிகழ்ந்தது. ஆட்டத்தைக் காக்கவேண்டும் என்று ஈ. கிருஷ்ணையர் வாதாடினார். 1931இல் சென்னை மியூசிக் அகாதெமி திருவாளப்புத்தூர்க் கல்யாணியின் மகளிரை மேடையேற்றியது. சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் ஓங்கியது. ருக்மிணிதேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935இல் அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றியது. நற்குடிப் பெண்கள் ஆடலாகாது எனப்பட்ட ஆட்டம் நற்குடிப் பெண்களின் அணியாயிற்று.

கோலாலம்பூரிலும் இதன் பயனைக் காணலாம். பிரிக்பீல்ட்ஸில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தோற்றுவித்த நுண்கலைக் கோயிலில் பல தலைமுறைச் சிறுமியர் பரதம் பயின்றுள்ளனர். மலாய் முஸ்லிமான ராம்லி இப்ராகிம் பரதமும் ஒடிசியும் கற்று, 1983இல் சூத்ரா நாட்டியக் குழுவைத் தொடங்கி, 2018இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். பதினான்கு வயது மகளின் அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அச்சிடும் தந்தை, அதே ஆட்டத்தைத் தம் பாட்டனார் காலத்தில் பெயர் சொல்லவும் கூசினர் என்பதை நினைப்பதில்லை.

இவ்வளவும் மகிழத் தக்கதே. எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். ஆட்டம் உயர்ந்தது, அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த மகளிர் உயர்ந்தனரா? தஞ்சை பாலசரஸ்வதியைப் போன்ற மிகச் சிலரே மேடையில் நிலைத்தனர். மற்றையோர் தம் தொழிலையும் மறைத்து, தம் தாயின் பெயரையும் மறைத்து வாழ நேர்ந்தது. சிருங்காரம் இழிந்தது என ஒதுக்கப்பட்டபோது, அதுவே ஆட்டத்தின் தலையாய சுவை என்று பாலசரஸ்வதி 1975இல் தமிழிசைச் சங்கத் தலைமையுரையிலும் வற்புறுத்தினார். அவர் காத்தது ஒரு சுவையை மட்டுமன்று. அச்சுவையை அறிந்து ஆடிய முன்னோரின் மதிப்பையும் ஆகும்.

கலையை எடுத்துக்கொண்டு கலைஞனைத் தள்ளிவிடுவது ஒழுக்கச் சீர்திருத்தத்தின் பெயரால் நிகழக்கூடிய பெரும்பிழை. உறுமியின் வழக்கில் அப்பிழை மீண்டும் நிகழுமோ என்பதே இன்றுள்ள அச்சம். பறைக்கு அத்தகைய உயர்வு வந்துவிட்டது. இழவுக்கு அடிப்பது என ஒதுக்கப்பட்ட கருவி, பல்கலைக்கழக மேடைகளில் முழங்குகிறது. மதுரைப் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. விருது பறைக்கு மட்டும் போகாமல் பறையடித்தவனுக்கும் போனது சிறப்பு. உறுமியும் ஒருநாள் அரங்கேறும். அன்று அரங்கில் நிற்போர் யார்? கிள்ளான் அடுக்குமாடி வீட்டுச் சிறுவனா, அவனைத் துரத்திவிட்டு அவன் மேளத்தைக் கட்டணம் கொடுத்துக் கற்றுக்கொண்ட வேறொருவனா?

சென்னைக்குத் திரும்பிய பாட்டு

திரையிசையை ஒட்டுமொத்தமாகப் பழிப்போரும் ஒன்று கருதவேண்டும். எல். ஆர். ஈஸ்வரி 1960களில் திரைப்படக் களியாட்டப் பாடல்களுக்குப் பெயர்பெற்றவர். அப்பாடல்களை வீட்டில் ஒலிக்கவிட மாட்டோம் என்ற குடும்பங்கள் இருந்தன. பின்னர் அதே குரல் பாடிய அம்மன் பாடல்கள் இல்லாத ஆடி மாதம் தமிழ்நாட்டிலும் இல்லை; மலேசியாவிலும் இல்லை. குரல் மாறவில்லை, குரலின் எழுச்சியும் மாறவில்லை. சொல்லும் இடமும் மாறின.

மலேசியத் தமிழ் இளைஞரின் ராப் பாட்டும் இவ்வாறே ஐயத்துக்கு உள்ளானது. 'பொயட்டிக் அம்மோ' குழு 1998இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகியவற்றில் பாடல்கள் இடம்பெற்றன. அக்குழுவின் யோகி பி, 'நட்சத்திரா' குழுவினருடன் 2006இல் 'வல்லவன்' தொகுப்பைத் தந்தார். 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா அமைத்த பாட்டொன்றை எடுத்து, அதன்மேல் தம் சொற்களை அடுக்கினர். அடுத்த ஆண்டிலேயே 'பொல்லாதவன்' படத்துக்குச் சென்னைத் திரையுலகம் யோகி பியை அழைத்தது. நூறாண்டுகளாகச் சென்னையிலிருந்து இசைத்தட்டாகவும் படச்சுருளாகவும் பாட்டைப் பெற்றே வந்த மலாயாத் தமிழகம், அன்று சென்னைக்குப் பாட்டை அனுப்பியது. அதனை அனுப்பியவர்கள், மூத்தோர் கவலையோடு பார்த்த இளைஞர்களே.

தாளத்தோடு சொல்லை விரைந்து அடுக்கும் இம்முறை தமிழுக்கு அயலானதும் அன்று. அருணகிரிநாதரின் சந்தத்தை ஓதிப் பழகிய நாவுக்கு அது புதிதாகத் தோன்றாது. தொல்காப்பியரும் செய்யுளியலில் பண்ணத்திக்கு இடமளித்து, மக்கள் வழக்கில் கலந்த பாட்டையும் இலக்கணத்துள் கொண்டார். சான்றோர் பாட்டுக்கு வகுத்த இலக்கணத்தால் மக்கள் பாட்டை விலக்க அவர் கருதவில்லை.

அளவுகோல் யாது?

ஆயின் எல்லாம் நன்று என்று விட்டுவிடலாமா? ஆகாது. காலந்தோறும் அளவுகோல் மாறியது என்பதால் அளவுகோலே வேண்டா என்று முடிப்பது பொருந்தாது. எதனை அளக்கவேண்டும் என்பதே தெளிய வேண்டியது. உடலின் அசைவையும் ஓசையின் உரப்பையும் அளந்தவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் தோற்றனர். வால்ட்சில் தோற்றனர், சதிரில் தோற்றனர், ராக்கில் தோற்றனர். அளக்க வேண்டியவை மூன்று: சொல், இடம், பயிற்சி.

முதலாவது சொல். பெண்ணை இழிவுபடுத்தும் வரி மெல்லிசையில் வந்தாலும் இழிவே. மென்குரலில் பாடினாலும் இழிவே. மேளம் உரத்து ஒலித்ததைக் கண்டித்த அதே வீட்டில், தொலைக்காட்சியில் வரும் இழிந்த வரிக்குச் சிறுமியை ஆடவிட்டுக் கைதட்டுவது முரண்பாடு. கண்டனம் பேசுவோர் மேளத்தை விட்டுச் சொல்லைக் கேட்கப் பழகுதல் வேண்டும்.

இரண்டாவது இடம். இளங்கோவடிகள் காலத்திலேயே கூத்தை வேத்தியல் என்றும் பொதுவியல் என்றும் இரண்டாக வகுத்தனர். இரண்டும் கூத்தே, ஒன்று மற்றொன்றைவிடத் தூயது என்பதன்று. அவையறிந்து ஆடுவதே வேறுபாடு. திருமண விருந்தில் பொருந்தும் பாட்டு காவடிக்குப் பொருந்தாமல் போகலாம். அதனை அறிந்து விலக்குவது அடக்குமுறை ஆகாது, கலையறிவே ஆகும். கும்பல் எண் பொறித்த சட்டைக்கு எந்த அவையிலும் இடமில்லை.

மூன்றாவது பயிற்சி. அரங்கேற்றுகாதையில் மாதவி ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் சோழன் முன் ஆடினாள். தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் பெற்றாள். அவளும் சிறுமியே. அவளுடைய ஆட்டத்தைச் சொல்லும் முன்னர், ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையாசான், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை அடிகள் ஒவ்வொன்றாக விரித்துரைக்கிறார். முழவடிப்பவனுக்கும் இலக்கணம் உண்டு என்பது அதனால் பெறப்படும். இன்று பரதம் பயிலும் சிறுமிக்கு ஆசான் உண்டு, கூடம் உண்டு, பெற்றோர் கட்டும் கட்டணம் உண்டு. உறுமி அடிக்கும் சிறுவனுக்குப் பெரும்பாலும் அண்ணன்மாரே ஆசான்; வாகன நிறுத்துமிடமே கூடம். அங்கு நல்ல அண்ணன் வாய்த்தால் அவன் கலைஞனாவான். தீய அண்ணன் வாய்த்தால் அவன் எண்ணாவான். ஊர்வலத்தில் மேளத்தைத் தடுப்பதால் அந்த வாகன நிறுத்துமிடம் மூடப்படுவதில்லை. அவனைக் கோயிலோடு கட்டியிருந்த கயிறு ஒன்றே அறுகிறது.

ஆசிரியர் கடன்

கோயில் நிருவாகத்தார் தைப்பூசத்துக்கு முதல்வாரம் எச்சரிக்கை விடுவதோடு நிற்கலாகாது. ஆண்டு முழுவதும் மேளக்குழுக்களை அழைத்து, கோயில் மண்டபத்தில் பயில இடம் தரலாம். நாதசுரமும் தவிலும் அறிந்தவரைக் கொண்டு தாளக்கணக்குக் கற்பிக்கலாம். எந்த நடை காவடிக்கு உரியது, எது விருந்துக்கு உரியது என்பதை அவ்விளைஞரோடு அமர்ந்து முடிவு செய்யலாம். தாமே வகுத்த வரம்பை இளைஞர் காப்பர். பிறர் இட்ட வேலியைத் தாண்டுவர்.

தமிழாசிரியரின் கடன் இதனினும் பெரிது. காவடிச்சிந்து பாடநூலில் அச்செழுத்தாகவே கிடக்கிறது. அதனைத் தாளத்தோடு வகுப்பில் பாடிக் காட்டினால், கடைசி வரிசையில் மேசையை விரலால் தட்டிக்கொண்டிருக்கும் மாணவன் தலை நிமிர்வான். திருப்புகழின் சந்தத்தை மாத்திரையோடு பிரித்துக் காட்டினால், ராப் பாடுவோன் தன் மூதாதையை அதில் கண்டுகொள்வான். இலக்கணத்தில் பின்தங்கியவன் எனப் பெயர்பெற்ற அம்மாணவன், சீரும் தளையும் தன் கைவிரல்களில் முன்பே இருப்பதை உணர்வான். அவனுடைய தட்டலை ஒழுங்கீனமென்று அடக்குவதும், செய்யுளென்று எடுத்துக்கொள்வதும் ஆசிரியர் கையில் உள்ளன.

சதிரின் வரலாறு தமிழர்க்கு ஒரு பாடத்தைக் கற்பித்துச் சென்றுள்ளது. ஆட்டம் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்; அதற்குப் புதிய பெயரும் புதிய மேடையும் கிடைக்கும். ஆடியவர்கள் பிழைப்பதுதான் அரிது. உறுமியின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலை வேண்டா. அதனைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்துமலைப் பாதையில் நடக்கும் பதினைந்து வயதுச் சிறுவனின் எதிர்காலத்தைப் பற்றியே கவலை வேண்டும். அவன் மேளத்தைப் பற்றிப் பேசும் மூத்தோர், முதலில் அவனோடு பேசுதல் நன்று.